மலிவுக் கணினிக்கு நூறு முறிவு

ஒரு பொருளை மக்கள் விரும்புகிறார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் கைதட்டலைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள். கைதட்ட ஆள் பிடிக்கலாம் என்று தெரியவந்ததும், படிவம் கொடுத்துக் கருத்து எழுதி வாங்கினார்கள். ஒரே ஆள் உட்கார்ந்து வலது கையாலும் இடது கையாலும் மாற்றி மாற்றி நானூறு படிவம் நிரப்பலாம் என்பது அதற்கடுத்த வருஷம் தெரியவந்தது. அப்போதுதான் பொருள் வரவேற்பு வாரியத்தின் தலைவர் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, "எலும்பு பொய் சொல்லாது" என்றார். கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசினால் அங்கேயே நிரூபித்துவிடுவாரோ என்ற பயமாக இருக்கலாம்.

அன்றிலிருந்து சட்டம் மாறிவிட்டது. புதிதாக ஒரு பொருளை அறிவித்தால், அதை ஒட்டி மக்களுக்குள் எழும் தகராறில் எத்தனை எலும்பு முறிகிறது என்று வாரியம் எண்ணும். வீக்கம் சேராது, வடிந்துவிடும். கீறலும் சேராது, ஆறிவிடும். முறிவு ஒன்றுதான் நேர்மையானது. விலை உயர்ந்த பொருளுக்கு ஐந்து முறிவு போதும். மலிவான பொருளுக்கு நூறு. ஏழைகளுக்கு எலும்பு அதிகம் என்பதற்காக அல்ல, ஆட்கள் அதிகம் என்பதற்காக என்று சட்டத்தின் அடிக்குறிப்பில் தெளிவாகவே போட்டிருந்தார்கள்.

இதெல்லாம் தட்டச்சக்காவுக்குத் தெரியாது. பெரிய அலுவலகத்தின் வாசலுக்கு எதிரே, ஒரு தகரக் கூரையின் கீழ், இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து பத்தொன்பது வருஷமாகத் தட்டச்சு மிஷினில் மனு அடித்துக் கொடுப்பவள் அவள். அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நிலத்தைப் பறிகொடுத்தவன் வந்து "அவன் குடலை உருவணும்னு எழுதுங்கக்கா" என்பான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே "தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று அடிப்பாள். ஊரில் பாதிக் கொலைகள் நடக்காமல் போனதற்கு அவளுடைய மிஷின்தான் காரணம் என்று சொன்னால் மிகையில்லை.

அப்படிப்பட்டவளின் தலையில் இடி விழுந்தாற்போல் ஒரு நாள் அலுவலகச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த மாசம் முதல் தேதியிலிருந்து கணினியில் அடித்த மனுக்கள் மட்டுமே வாங்கப்படும். மறுநாளே பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஒரு பெரிய நிறுவனம் சாமானியர்களுக்கென்று ஒரு சின்னக் கணினியும் ஒரு சின்னப் பாட்டுப்பெட்டியும் கொண்டுவரப் போவதாகப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தது. அதுவரை கணினி என்றால் அவளுடைய ஒரு வருஷ வருமானம். இது இரண்டு மாச வருமானத்தில் அடங்கிவிடும்.

"திரையும் கீபோர்டும் கிடையாதாமே" என்றார் அவள் புருஷன். ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர். வீட்டுக்கு வந்த பிறகும் விரலிடுக்கில் மாவு இருக்கும்.

"நம்ம டிவியில மாட்டிக்கலாங்க. கீபோர்டு பழசு ஒண்ணு ஜெராக்ஸ் கடையில சும்மா கெடக்கு. பிரிண்டும் அங்கயே எடுத்துக்கலாம். அந்தப் பெட்டி ஒண்ணுதான் வேணும்."

"அப்ப பெட்டிய வாங்கிடு. இல்லன்னா ரெண்டு பேருக்கும் என் ஒருத்தன் கைதான்" என்றார் அவர்.

அந்தப் பெட்டி ஒன்றுதான் வேண்டும். இந்தக் கதையில் தட்டச்சக்கா ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

முதல் முறிவு அவள் கண்ணெதிரிலேயே நடந்தது. முத்திரைத்தாள் விற்பவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "திரை இல்லாத கம்ப்யூட்டர எவன் வாங்குவான்? மூஞ்சி இல்லாத மாப்பிள்ளைக்குப் பொண்ணு குடுத்த மாதிரி" என்றார். பக்கத்தில் இருந்த வக்கீல் குமாஸ்தா, "அதனாலதான்யா விலை குறைச்சல். இதுகூடத் தெரியாம தாள் விக்க வந்துட்டாரு" என்றார். இரண்டு பேரும் அந்தக் கணினியைப் பார்த்ததில்லை. பத்திரிகைப் படம் கட்டைவிரல் அளவு, அதிலும் மை கசிந்திருந்தது. பத்தே நிமிஷத்தில் முத்திரைத்தாள்காரர் தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கிக் குமாஸ்தாவின் முன்கையில் போட்டார். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கும்போது வருமே, அந்தச் சத்தம் வந்தது.

தட்டச்சக்கா தண்ணீரோடு ஓடினாள். அவளுக்கு முன்னால் பழுப்புப் பையோடு ஒரு மனிதர் வந்து சேர்ந்துவிட்டார். சலவைச் சட்டை, சாந்தமான முகம், சட்டைப்பையில் அடையாள அட்டை: உற்சாக அலுவலர், பொருள் வரவேற்பு வாரியம்.

"கணினிக்காகவா, பாட்டுப்பெட்டிக்காகவா?" என்று கேட்டார்.

"கையி... கையி போச்சு சார்" என்றார் குமாஸ்தா.

"அது தெரியுது. எதுக்காகப் போச்சு?"

"கம்ப்யூட்டரு."

"ஆதரவா, எதிர்ப்பா?"

"ஆதரவு" என்று முனகிவிட்டுக் குமாஸ்தா மயங்கினார். அலுவலர் முகம் மலர்ந்தது. பையிலிருந்து பதிவேட்டை எடுத்து, முதல் பக்கத்தில் அழகான கையெழுத்தில் 'முறிவு 1' என்று எழுதினார். வாரியத்தின் எக்ஸ்ரே வண்டி வந்தது. படம் எடுத்தார்கள், முத்திரை குத்தினார்கள், போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டீர்களா என்று தட்டச்சக்கா கேட்டதற்கு, "முறிஞ்சதுக்குச் சான்று குடுக்கிறதுதாம்மா எங்க வேலை. ஒட்டுறது வேற துறை" என்று பொறுமையாக விளக்கினார். போகும்போது முத்திரைத்தாள்காரரின் கையைக் குலுக்கி நன்றி சொன்னார். அந்த ஆள் முக்காலியைக் கையில் வைத்துக்கொண்டு, பரிசு வாங்கியவர் மாதிரி பேந்தப் பேந்த விழித்தார்.

அந்த வாரக் கடைசியில் நகர மண்டபத்தில் அறிமுக விழா. தட்டச்சக்கா வெளுத்த புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். வாரியத்து ஆட்களுக்கு மட்டும் உயரமான தனி மேடை. அதைச் சுற்றி இடுப்பளவு இரும்புத் தடுப்பு. எதற்கு இந்தத் தடுப்பு என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

முதலில் நிறுவனத்தின் விளம்பர மேலாளர் பேசினார். கழுத்துப்பட்டை அணிந்த, வழவழப்பான மனிதர். டிபன் டப்பா அளவில் வெள்ளையாக இருந்த கணினியை ஒரு கையில் தூக்கிக் காட்டினார். இன்னொரு கையில் தீப்பெட்டி அளவில் பாட்டுப்பெட்டி.

"நண்பர்களே, இந்தக் கணினியில் திரை கிடையாது. விசைப்பலகை கிடையாது. சுட்டி கிடையாது. இவற்றை நாங்கள் பிடுங்கிக்கொண்டதாகச் சிலர் சொல்கிறார்கள். இல்லை. உங்கள் சுதந்திரத்தை உங்களிடமே திருப்பித் தந்திருக்கிறோம். இந்தப் பாட்டுப்பெட்டியிலும் திரை கிடையாது. அடுத்து எந்தப் பாட்டு வரும் என்று உங்களுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. இந்த ஒரு விஷயத்திலாவது நீங்களும் நாங்களும் சமம்."

அடுத்து வாரியத் தலைவர். மைக்கை அட்டகாசமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஆரம்பித்தார்.

"ஏழைக்கு ஒரு பொருளை மலிவாகக் கொடுத்தால் அவன் அதை மதிப்பதில்லை. அதற்காக ஒரு கையை ஒடித்துக்கொண்டானானால் மதிப்பான். நாங்கள் பொருளைக் காப்பாற்றவில்லை, மதிப்பைக் காப்பாற்றுகிறோம். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் ஒரு விலை உயர்ந்த கணினி இருக்கிறது. அலுவலகம் கொடுத்தது. அதற்காக நான் எதையும் ஒடித்துக்கொள்ளவில்லை. விளைவு என்ன? அதன்மேல் எனக்குத் துளியும் மரியாதை இல்லை. காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறேன். அந்த அவல நிலை உங்களுக்கு வரக்கூடாது என்பதே வாரியத்தின் கவலை."

கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் துண்டால் விசிறிக்கொண்டது. தட்டச்சக்காவுக்கு ஒரே ஒரு சந்தேகம். தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"வீட்டு டிவியில மாட்டினா எழுத்து தெளிவாத் தெரியுங்களா சார்?"

கேட்டது அவ்வளவுதான். முன்வரிசையில் ஒருவன், "டிவியும் இல்லாதவன் என்ன பண்றது?" என்றான். பின்வரிசையிலிருந்து, "டிவி வாங்கக்கூட வக்கில்லாதவன் கம்ப்யூட்டருக்கு ஏன்டா வந்த?" என்று பதில் வந்தது. பாட்டுப்பெட்டிக்காக வந்தவர்கள், "உங்க சண்டையில எங்க விழா நிக்குது" என்று எழுந்தார்கள். ஒரு மடக்கு நாற்காலி மேலே போனது. அது கீழே வந்தபோது ஒருவனுடைய தோள்பட்டையும் கூடவே இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எறும்பு போனாலும் நின்று வழிவிடுகிற நூலகர் ஒருவர், மைக் கம்பத்தைப் பிடுங்கி வரிசையாக முழங்கால்களை நோக்கி வீசிக்கொண்டு போனார். பல் டாக்டர் ஒருவர் தனக்கு எதிரே இருந்தவனின் தாடையை ஒரே குத்தில் கழற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் "வாயத் திறங்க" என்றார். கல்யாணமாகிப் பத்து நாள் ஆன ஜோடி ஒன்று, அவன் கணினிப் பக்கமும் அவள் பாட்டுப்பெட்டிப் பக்கமுமாகப் பிரிந்து, கதவிடுக்கில் விரலை வைத்து நசுக்கிக்கொண்டது. ஒரு பாட்டு வாத்தியார் யாருடைய காதையோ கடித்து எடுத்துவிட்டார். தடுப்புக்கு உள்ளிருந்து எட்டிப் பார்த்த உற்சாக அலுவலர் உதட்டைப் பிதுக்கி, "காதுல எலும்பு கிடையாதே, கணக்குல சேராதே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

தட்டச்சக்கா நாற்காலிகளுக்கு அடியில் தவழ்ந்து வெளியே வந்தாள். புடவையெல்லாம் ரத்தம், அதில் ஒரு சொட்டும் அவளுடையதில்லை. மண்டபத்து வாசலில் எக்ஸ்ரே வண்டியின் முன்னால் அடிபட்டவர்கள் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். மொத்தம் நாற்பத்தொன்று என்று ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, ஒடிந்த கையோடு இருந்தவர்கள்கூட நல்ல கையால் தொடையில் தட்டினார்கள்.

"ஒரே வாரத்தில் நாற்பத்தொன்று. ஊருக்கே பெருமை" என்று மறுநாள் பத்திரிகை எழுதியது.

இன்னும் ஐம்பத்தொன்பது. இரண்டு பொருளுக்கும் சேர்த்து நூறு ஆனால்தான் விற்பனை. அதுவும் மாசக் கடைசி நாள் மாலை ஆறு மணிக்குள் ஆக வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி காலாவதியாகி, சரக்கெல்லாம் திரும்பிப் போய்விடும். நிறுவனம் கடைவீதியில் விற்பனைக் கூடத்தைத் திறந்து, வெளியே இரண்டு வரிசை அமைத்தது. கணினிக்கு ஒன்று, பாட்டுப்பெட்டிக்கு ஒன்று. கதவு மட்டும் ஒன்றே, அதுவும் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடியே ஊரை இரண்டாகப் பிரித்து, டோக்கனும் கொடுத்து நிறுத்தி வைத்தான். ஒவ்வொரு டோக்கன் எண்ணும் இரண்டு பேரிடம் இருந்தது. அச்சகத்தின் தவறு என்றார்கள். தினமும் அதே தவறு நடந்தது.

நான்காம் நாள் ஐம்பது பேருக்குப் பாட்டுப்பெட்டியை மாதிரிக்கென்று இனாமாகக் கொடுத்தார்கள். அவர்கள் காதில் மாட்டிக்கொண்டு சொர்க்கத்தில் நடப்பதுபோல் வீதியில் நடந்தார்கள். பின்னால் வந்த தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்காமல் இரண்டு பேர் போய் மாட்டினார்கள். இனாம் கிடைக்காதவர்கள் மீதிப் பேரைத் துரத்திப் பிடித்து, காதிலிருந்து உருவுகிறேன் என்று கழுத்தோடு சேர்த்து உருவினார்கள். ஒரே நாளில் இருபத்திரண்டு. லாரியில் அடிபட்டவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று வாரியம் ஒரு மணி நேரம் விவாதித்தது. பாட்டு நன்றாக இருந்ததால்தானே ஹாரன் கேட்கவில்லை, ஆகவே அது வரவேற்புதான் என்று முடிவாயிற்று.

தட்டச்சக்காவால் பகலெல்லாம் வரிசையில் நிற்க முடியாது. மனு அடித்தால்தான் அன்றைய பாடு. அதனால் புருஷன் ரொட்டிக்கடை வேலையை விடியற்காலையில் முடித்துவிட்டு, நேராக வந்து அவளுக்காக நின்றார். எட்டாம் நாள் கூடத்துப் படிகளைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். சுத்தத்துக்காக என்று சொன்னார்கள். அவர் மூன்றாவது படியில் வழுக்கி விழுந்து காரை எலும்பை முறித்துக்கொண்டார்.

சேதி கேட்டு அவள் ஓடிவந்தபோது, அவரை நாற்காலியில் சாய்த்து வைத்து உற்சாக அலுவலர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு அடிச்சாங்க?"

"யாரும் அடிக்கலீங்க. வழுக்கி விழுந்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பின்னாலேருந்து யாராவது தள்ளினாங்களா?"

"பின்னால இருந்தவரு பிடிக்கத்தாங்க பார்த்தாரு. பாவம், அவரும் விழுந்துட்டாரு."

அலுவலர் பேனாவை மூடினார். "அப்ப இது விபத்து. எதிர்வினை இல்ல. எவ்வளவு நல்ல முறிவு தெரியுமா? வீணாப் போச்சு."

விளம்பர மேலாளர் பக்கத்தில் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, ஏற்கெனவே ஒடைஞ்ச எலும்புதானே. நம்ம காவலாளி அதே எடத்துல லேசா ஒரு தட்டு தட்டுவாரு. படிவத்துல சரியா வந்துடும். எண்பத்தி எட்டு எண்பத்தி ஒம்பதாயிடும்."

"வலிக்குங்களா?" என்று கேட்டார் புருஷன்.

"புதுசா ஒண்ணும் வலிக்காது."

அவர் மனைவியைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிடுவார் போலிருந்தது. தட்டச்சக்கா அவருடைய நல்ல கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு எழுப்பினாள். "வேண்டாங்க சார். எங்களால உங்களுக்குச் சிரமம். மன்னிச்சுக்குங்க" என்றாள். மன்னிப்புக் கேட்டவள் யார் என்று பாருங்கள். இதைச் சொல்லும்போதே எனக்கு வருகிற கோபத்தில் கால் பங்கு அவளுக்கு வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ரொட்டிக்கடை முதலாளி, "கை ரெண்டும் வந்தப்புறம் வாய்யா" என்று சொல்லிவிட்டார். இனி அவள் அடிக்கிற மனுதான் வீட்டுச் சோறு. மாசம் பிறக்க ஆறு நாள் இருந்தது. அன்றிரவு அவருக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டு, மிஷினுக்கு முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது அவளுக்கு. வேறு வார்த்தை இல்லை.

மாசக் கடைசி நாள் நண்பகலில் பதிவேடு தொண்ணூற்றொன்பதைத் தொட்டது. தொட்டதோடு நின்றுவிட்டது. வரிசையில் நின்றவர்களில் இன்னொருவனை ஒடிக்கிற அளவுக்கு முழுசான கையுள்ளவன் யாரும் மிச்சமில்லை. மாவுக்கட்டுக்கு மாவுக்கட்டு எதை அடிப்பது? அதைவிட மோசம், கணினிக்காரர்களும் பாட்டுப்பெட்டிக்காரர்களும் ஒருவருக்கொருவர் தண்ணீர் மொண்டு கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். குமாஸ்தாவின் மூக்கில் அரித்தபோது முத்திரைத்தாள்காரர்தான் சொறிந்துவிட்டார். உற்சாக அலுவலர் இதையெல்லாம் பார்த்து மனம் நொந்து போனார்.

ஐந்தேமுக்கால் மணிக்கு எல்லோரையும் கூடத்துக்குள் கூப்பிட்டார். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் காட்சிக்கு வைத்த ஒரு கணினி. சுவரோரம் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. தட்டச்சக்காவும் புருஷனும் முன்னால் நின்றார்கள்.

"எல்லாரும் எவ்வளவோ பாடுபட்டிருக்கீங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு. அது இல்லாம தொண்ணூத்தொம்பது பேரோட வலியும் குப்பைக்குப் போயிடும். எனக்கு மனசு கேக்கல" என்றார். அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. பிறகு அந்தக் கண் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, புருஷனிடம் வந்து நின்றது. "இவரு எப்படியும் வேலைக்குப் போகாம வீட்லதான் இருக்காரு. இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு?"

காவலாளி இரும்புக் கம்பியோடு முன்னால் வந்தான். கூட்டம் மறுப்புச் சொல்லும் என்று தட்டச்சக்கா திரும்பிப் பார்த்தாள். முத்திரைத்தாள்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒருத்தர்தானேக்கா. அத்தனை பேருக்காக" என்றார். பத்தொன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் செய்த மனிதர்.

புருஷன் நல்ல கையை மேசைமேல் நீட்டி வைத்தார். "இருக்கட்டும் விடு. பெட்டி உனக்குத்தானே வருது" என்றார். அந்த விரல்களின் இடுக்கில் மாவு இல்லை. ஆறு நாளாக இல்லை. தட்டச்சக்கா அதைத்தான் பார்த்தாள்.

காவலாளி கம்பியை ஓங்கினான். அவள் மேசையிலிருந்த கணினியை இரண்டு கையாலும் தூக்கி, உற்சாக அலுவலரின் முகத்தின் நடுவில் இறக்கினாள்.

அந்தக் கணினி முதன்முதலாக ஒரு வேலை செய்தது அப்போதுதான். அலுவலர் அட்டைப்பெட்டிகளில் மோதி, சரிந்து, உட்கார்ந்தார். மூக்கு இருந்த இடத்தில் மூக்கு இல்லை, கன்னத்துப் பக்கம் போயிருந்தது. சலவைச் சட்டையில் ரத்தம் குபுகுபுவென்று இறங்கியது. அவர் விரலால் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். கடகடவென்று ஏதோ அசைந்தது. அவர் முகத்தில் மெல்ல ஒரு ஒளி பரவியது.

"எக்ஸ்ரே" என்றார். "எக்ஸ்ரே எடுங்க. சீக்கிரம். மணி என்ன?"

ஆறுக்கு மூன்று நிமிஷம். படம் எடுத்தார்கள். மூக்குத்தண்டு முறிவு, சந்தேகமில்லை. அவரே ரத்தம் சொட்டச் சொட்டப் பதிவேட்டைத் திறந்து, அதே அழகான கையெழுத்தில் 'முறிவு 100' என்று எழுதி, அடியில் கோடு போட்டு மூடினார். கூடம் அதிர்ந்தது. அழுதவர்களும் உண்டு. தட்டச்சக்கா புருஷனின் கையை மேசையிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டாள். கிடைத்துவிட்டது, அவளுக்குப் பெட்டி கிடைத்துவிட்டது.

விளம்பர மேலாளர் வாரியத் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் குரலை ஒலிபெருக்கியில் விட்டார்.

"என் அன்பு மக்களே! வாரியத்தின் வரலாற்றில் இப்படி ஒரு வரவேற்பை நான் கண்டதில்லை. எங்கள் அதிகாரியின் மூக்கையே உடைத்து வாங்கத் துடிக்கிறீர்கள் என்றால், இதை இனிமேல் மலிவுப் பொருள் என்று சொல்வது உங்கள் உணர்ச்சியைக் கொச்சைப்படுத்துவதாகும். அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன். இந்த நிமிடம் முதல் இந்தக் கணினியும் பாட்டுப்பெட்டியும் உயர்வகைப் பொருள்கள் என்று அறிவிக்கிறேன். விலை நான்கு மடங்கு. விற்பனை இப்போதே தொடங்குகிறது. வாழ்த்துகள்!"

ஒலிபெருக்கி அணைந்தது. ஊழியர் ஒருவர் ஏணி போட்டு ஏறி, சுவரிலிருந்த விலைப்பலகையை மாற்றினார். தட்டச்சக்கா அதை எழுத்துக்கூட்டிப் படிப்பவள் மாதிரி படித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த அலுவலரின் முன்னால் போய்க் குந்தினாள்.

"நான் அடிச்சதாலதான் விலை ஏறிச்சுங்களா?"

"உங்களால மட்டும்னு சொல்ல முடியாதும்மா. நூறு பேரோட உழைப்பு. ஆனா கடைசி கை உங்களோடது" என்றார் அவர், கைக்குட்டைக்குள்ளிருந்து. "சிறந்த எதிர்வினைன்னு உங்களுக்குச் சான்றிதழ் வரும். நானே சிபாரிசு பண்றேன். எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல."

"இனி நூத்தியொண்ணாவதா ஒரு முறிவு வந்தா அத எதுல எழுதுவீங்க?"

"எதுலயும் எழுத மாட்டோம். பதிவேடு மூடியாச்சே. அதுக்கு மேல நடக்கிறது வாரியத்தப் பொறுத்த வரைக்கும் நடக்காததுதான்."

"போலீசு?"

"இந்தக் கூடத்துக்குள்ள எது நடந்தாலும் எங்க பதிவேட்டப் பார்த்துத்தான் போலீசு கேசு எழுதும். அதுல இல்லன்னா..."

"கேசே கிடையாது."

"கிடையாது" என்றார் அவர். சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது போலிருக்கிறது. கைக்குட்டையை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார். கூட்டம் முழுவதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. முத்திரைத்தாள்காரர் தன் மாவுக்கட்டைக் கையால் எடை பார்த்தார். நூலகர் காவலாளியின் கையிலிருந்த கம்பியை மரியாதையாக வாங்கிக்கொண்டார். மேலாளர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு கதவை நோக்கி நகர்ந்தார்.

புருஷன் அவருக்கு முன்பே அங்கே போயிருந்தார். ஒரு கையால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.

தட்டச்சக்கா கணினியை மறுபடியும் கையில் எடுத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.